சந்தேகம் தெளிதல்: ஒரு குளியலறை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டுத் திண்ணை. மாலை ஆறரைக்கு அங்கே கைவல்ய நவநீத வகுப்பு. தாண்டவராய சுவாமிகள் குருவும் சீடனும் பேசுவதாகவே எழுதிய நூல் அது; இரண்டாம் படலத்தின் பெயரே சந்தேகம் தெளிதல். பாடம் சொல்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் ஆசான். அன்று சீடன் கொண்டுவந்த சந்தேகத்துக்கும் ஆன்மாவுக்கும் சம்பந்தமில்லை.

"வீட்டில் அவளுக்கு ஆறாம் மாதம், ஆசானே. குழந்தை பிறக்குமுன் குளியலறையை இடித்துக் கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். அம்மா கூடவே கூடாது என்கிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கடப்பாரை எடுக்கக் கூடாதாம். மூடநம்பிக்கைதானே?"

"வீடு எந்தக் காலத்தது?"

"தாத்தா வாங்கியது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. கதவில் மட்டும் நாலைந்து தடவை எனாமல் பெயிண்ட் ஏறியிருக்கும்."

"அந்தக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் என்ன பறக்கும் தெரியுமா? ஈயம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தாய் மூச்சில் இழுத்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போய்விடும். உன் அம்மா சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம், தம்பி. முடிவு சரி."

"அப்படியானால் நம்பிக்கை ஜெயித்துவிட்டதா?"

"பாதிதான். அதற்குக் கடப்பாரைக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது. வழுக்கும் தரைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மாட்டுவதையும் சேர்த்தே தடுக்கும்."

ஆசான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய தர்க்கம் சூடு பிடிப்பது அதற்கப்புறம்தான்.

"சரி, யாருக்காக இடிக்கிறாய்?"

"குழந்தைக்காக."

"குழந்தை அந்த அறைக்குள் எப்போது போகும்?"

சீடனிடம் பதில் இல்லை. தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை ஈரத்துணியால் துடைப்பதுதான். அப்புறம் பாட்டி மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவாள். கேரளத்தில் கமுகம்பாளையில் கிடத்திக் குளிப்பாட்டுவதும் உண்டு. எப்படியானாலும் வேண்டியது நீட்டிய காலுக்கு இடம், காற்று வீசாத ஒரு மூலை. சீடனுடைய திட்டத்திலோ ஆறடிக்கு நாலடி அறைக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு!

"பாட்டி காலை எங்கே நீட்டுவாள், கண்ணாடிக்கு வெளியிலா?" என்றார் ஆசான்.

சீடன் சிரித்துவிட்டு, கைபேசியில் தான் தேர்ந்தெடுத்த தரை ஓட்டின் படத்தைக் காட்டினான். வெள்ளை நிறம், முகம் பார்க்கலாம்.

"இங்கிருந்து நடக்கிற தூரத்தில் யூதர்களின் கோயிலான பரதேசி சினகாக் இருக்கிறது. 1568இல் கட்டியது. அதன் தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். 1762இல் கான்டனிலிருந்து வந்தவை, எல்லாம் கையால் வரைந்தவை. முதலில் கொச்சி ராஜா அரண்மனைக்காக வரவழைத்தார், செய்முறையில் மாட்டு ரத்தம் கலந்தது என்று யாரோ சொன்னதும் வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். இத்தனை காலம் அந்த ஓடு பிழைத்திருக்கிறதே, ஏன்? உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள், யாரும் அதன்மேல் சோப்புத் தண்ணீர் கொட்டுவதில்லை. உன் வீட்டிலோ வயிறு முன்னே தள்ளி, தன் பாதமே தெரியாமல் ஒருத்தி ஈரத்தில் நிற்கப்போகிறாள். சொரசொரப்பான சின்ன ஓடாகப் பார். இணைப்புக் கோடு கூடக் கூடக் கால் பிடிக்கும்."

"ஆனால் சுவர் அடியில் உப்புப் பூத்து உதிர்கிறதே, ஆசானே. அதையாவது பார்க்க வேண்டாமா?"

"பார்க்கத்தான் வேண்டும், இப்போதல்ல. மாசியில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குப் போகிறவள் ஆவணிக்குத்தானே திரும்புவாள்? ஜூன் மழைக்கு முன் மாசியும் பங்குனியும் உன் கையில். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைபடும். தரைக்கு வாட்டர்ப்ரூஃப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பார். நாளைக்கே ஓடு ஒட்டிடலாம் என்று மேசிரி அவசரப்படுத்துவார், கேட்காதே." (கொத்தனாருக்குக் கொச்சியில் மேசிரி என்று பெயர்.)

சீடன் எழுந்தான். படியில் கால் வைத்தவன் நின்றான். "அவள் இல்லாத நேரத்தில் செய்வது, அவளைக் கேட்காமல் செய்வது போல் ஆகாதா?"

ஆசான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அவளிடம் கேட்டாயா?"

"இல்லை."

"நானும் இவ்வளவு நேரம் அதைக் கேட்கவில்லை, பார்."

அன்றிரவே கேட்டான். ஓடு எதுவானாலும் சரி என்றாள் அவள். குனியாமல் எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய், உள்ளே மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள், இரவில் போகும்போது கைக்கு எட்டும் சுவிட்ச். இந்த மூன்றும் வேண்டும், அதுவும் இந்த வாரமே வேண்டும் என்றாள்.

மறுநாள் பாலஸ் ரோட்டுக் கடையில் ஒரு குழாயும், தாழ்ப்பாளும், சுவிட்சும், ஸ்டீல் கைப்பிடியும் வாங்கினான். மேசிரிக்கு மாசிக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறான்.