வாங்கச் சொன்னவர் விற்றதைச் சொன்னாரா?

அடுத்தவர் தன் பணத்தை எதில் போடலாம் என்று சொல்பவருக்கு அந்தப் பணத்தின் மீது என்ன பொறுப்பு இருக்கிறது? முன்பெல்லாம் தரகர்களையும் வங்கி அதிகாரிகளையும் பார்த்துக் கேட்ட கேள்வி இது. இன்று ஏறக்குறைய எல்லோரையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் இந்தியாவில் பங்குகளை வைத்திருப்பதற்கான டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி இருந்தன. நான்கே ஆண்டுகளில் அவை 15 கோடியைத் தாண்டின. ஊரடங்குக் காலத்தில் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிய இளைஞர்கள், ஒரு வருடம் ஆவதற்குள் சித்தப்பாவுக்கும் அலுவலக நண்பருக்கும் "இதை வாங்கிப் போடுங்க, ஆறு மாசத்துல டபுள்" என்று சொல்கிறவர்களாகிவிட்டார்கள். சொல்கிறவர் மனதில் வஞ்சம் இல்லை. தானும் வாங்கியிருக்கிறார், உண்மையிலேயே நம்புகிறார், நம்மவர்களும் நாலு காசு பார்க்கட்டும் என்று நினைக்கிறார். அந்த நல்லெண்ணம் போதுமா?

போதாது. ஏன் போதாது என்பதைப் பார்க்க, முதலில் வஞ்சகத்தைத் தனியே பிரித்து வைத்துவிட வேண்டும். 2022 ஜூலையில் சாதனா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தைப் பற்றி யூடியூபில் சில வீடியோக்கள் வந்தன. அதை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்ச் செய்திகள் அவற்றில் சொல்லப்பட்டன. 2023 மார்ச் 2 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவின்படி, அந்தக் குறுகிய காலத்தில் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை சுமார் 2,000-இலிருந்து 55,000-க்கு மேல் உயர்ந்தது. விலையை ஏற்றிவிட்டவர்கள் தங்கள் பங்குகளை அவர்கள் தலையில் கட்டிவிட்டு வெளியேறினார்கள் என்பது குற்றச்சாட்டு. இத்தகைய செயலில் எடைபோட ஒன்றும் இல்லை. பொய் சொல்லிப் பணம் பறிப்பது திருட்டு.

பொய்யை எடுத்துவிட்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதன் ஆண்டறிக்கையைப் படிக்கிறார், பிடித்துப்போகிறது, வாங்குகிறார், தன்னைப் பின்தொடரும் சில ஆயிரம் பேரிடம் சொல்கிறார். மறுநாள் காலை அவர்களில் ஐந்நூறு பேர் வாங்க வருகிறார்கள். விற்பதற்கு ஆளில்லை. விலை ஐந்து சதவீதம் ஏறி, அன்றைய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் நின்றுவிடுகிறது. அடுத்த நாளும் அப்படியே. சொன்னது பலித்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. ஆனால் அந்த ஏற்றம் நிறுவனம் ஈட்டிய லாபத்தால் வந்ததல்ல. அவர் பேச்சைக் கேட்டவர்கள் கொண்டுவந்து போட்ட பணத்தால் வந்தது. அவர் விற்று லாபத்தைக் கையில் எடுக்கும் நாளில், அந்தப் பங்கை வாங்குபவர் பெரும்பாலும் அவரை நம்பிய ஒருவராகவே இருப்பார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாமல், ஏமாற்றுக்காரர் போட்ட கணக்கின் விடைக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

நல்லவர்கள் பலருக்கு இது உறைப்பதே இல்லை. தன் நோக்கம் சுத்தமாக இருப்பதால் தன் லாபமும் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் இந்த இடத்தைக் கவனித்திருக்கிறது. பங்குகளை ஆய்ந்து பரிந்துரை செய்வோருக்காக 2014-இல் செபி கொண்டுவந்த விதிகள், பதிவுபெற்ற ஆய்வாளர் தான் பரிந்துரைக்கும் பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறாரா என்று வெளிப்படையாகச் சொல்லக் கேட்டன. பரிந்துரை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து 5 நாள் பின்வரை அந்தப் பங்கில் அவர் வாங்கவோ விற்கவோ கூடாது என்றன. ஆய்வாளர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நினைத்து எழுதப்பட்ட விதிகள் அல்ல இவை. பேசுகிறவரின் பையும் கேட்கிறவரின் பையும் ஒரே சந்தையில் இருக்கும்போது, நேர்மையான மனிதரின் பார்வையும் கொஞ்சம் சாய்ந்துவிடும் என்ற அனுபவத்திலிருந்து வந்தவை. உரிமம் இல்லாத நண்பரையோ உறவினரையோ இந்த விதிகள் தொடுவதில்லை. விதிக்கான காரணம் அவரையும் தொடத்தான் செய்கிறது.

"இது முதலீட்டு ஆலோசனை அல்ல, கல்வி நோக்கத்துக்கு மட்டுமே" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு கழன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கழலாது. பங்கின் பெயரும், வாங்கும் விலையும், எட்ட வேண்டிய டார்கெட்டும், நஷ்டத்தோடு வெளியேற வேண்டிய ஸ்டாப் லாஸும் சொன்ன பிறகு, அது ஆலோசனை அல்ல என்பதை யாரும் ஏற்க முடியாது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது; அதைத் தள்ளிவிடக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் அந்நிய முதலீட்டு நிறுவனங்களுக்கும் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் தலைவரை நேரில் சந்தித்துக் கேள்வி கேட்கும் வசதி இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் தன்னைப் போன்றவர்களின் பேச்சு மட்டுமே. தணிக்கையாளர் நடு ஆண்டில் ஏன் விலகினார், புரமோட்டர் தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா, தொடர்புடைய நிறுவனங்களுக்குப் பணம் போகிறதா என்று அறிக்கைகளைத் தோண்டி எடுத்துப் பொதுவில் வைக்கும் சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய தொண்டு. அவர்களை வாயடைப்பது பெரிய கைகளுக்கு மட்டுமே நல்லது. ஆகவே பேசாதே என்று சொல்வது தீர்வல்ல. முடிவெடுப்பவர் வயதுவந்தவர், அவர் கணக்கில் அவரே பொத்தானை அழுத்துகிறார் என்பதும் சரியே.

பேசத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் இங்கே வலியுறுத்த வேண்டியது. பங்குப் பேச்சில் உள்ள ஆழமான குறை இதுவே: வாங்கச் சொல்வது ஊர் கேட்க, விற்பது காதும் காதும் வைத்த மாதிரி. ஒரு பங்கைப் பற்றித் தினமும் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அதைப் பற்றிப் பேசாமல் போய்விடுகிறார். அவர் விற்றுவிட்டாரா, மனம் மாறிவிட்டாரா, காத்திருக்கிறாரா என்பது அவர் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பழைய பேச்சையே பிடித்துக்கொண்டு பங்கை வைத்திருக்கிறார்கள்.

யெஸ் வங்கியின் கதையை இந்தக் கோணத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு அருகில் இருந்த பங்கு அது. பிறகு படிப்படியாக இறங்கியது. 300-இல் மலிவு என்றார்கள். 200-இல் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறையுங்கள் என்ற பொருளில் "ஆவரேஜ் பண்ணுங்க" என்றார்கள். 50-க்குக் கீழே வந்ததும், இவ்வளவு பெரிய வங்கி, இனி எங்கே இறங்கும் என்றார்கள். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதன் செயல்பாட்டை முடக்கி, வைப்புதாரர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. அடுத்து வந்த மீட்புத் திட்டம், 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் கையிருப்பில் முக்கால் பாகத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டியது. இந்த வழி நெடுகிலும் வாங்கச் சொன்னவர்களில் பலர் மனதாரச் சொன்னவர்களே. தவறாகக் கணித்ததற்காக அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வல்லுநர்களும் தவறினார்கள். ஆனால் 250-இல் பயந்துபோய்ச் சத்தமில்லாமல் விற்றவர், தன் சொல்லை நம்பி வாங்கியவரிடம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது குற்றம். அவருக்குத் தெரிந்த ஒரு செய்தியை, அது யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமிருந்தே மறைத்துவிட்டார்.

மறைப்பதற்குக் காரணம் பல சமயம் பேராசை அல்ல, கூச்சம். நேற்றுவரை அடித்துப் பேசியதை இன்று மாற்றிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்ற பயம். இந்தக் கூச்சத்தைக் கூட்டமும் வளர்க்கிறது. ஒரு பங்கை வைத்திருக்கும் நூறு பேர் நடுவில் ஒருவர் "கடன் ஏறிக்கொண்டே போகிறதே" என்று கேட்டால், அவரை எதிரியைப் போலப் பார்க்கிறார்கள். குறைந்த விலையில் வாங்குவதற்காகக் கிளப்பிவிடுகிறார் என்கிறார்கள். மற்றவர்கள் விற்காமல் இருந்தால்தான் தன் பணம் நிற்கும் என்ற நிலையில், சந்தேகப்படுபவரை அடக்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. வருத்தத்துடன் சொல்ல வேண்டியது, அப்படி அடக்கப்படுபவரே அந்தக் கூட்டத்துக்கு உண்மையில் வேண்டியவர்.

கேட்கிறவர் பக்கம் வந்தால் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். தன் பணத்தை இழக்கும் உரிமை எவருக்கும் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணம், மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய தொகை, அப்பாவின் ஓய்வூதியப் பணம் ஆகியவற்றைக் கேள்விப்பட்ட ஒரு பெயரின் மீது வைக்கும் உரிமை, அவர்களைக் கேட்காமல், அவருக்கு இல்லை. பரிந்துரைப்பவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது. எதிரே இருப்பவர் கடன் வாங்கி வாங்கப்போகிறார் என்று தெரிந்த பிறகும் "பயப்படாம போடுங்க" என்பவரை, பங்கு ஏறினாலும் மன்னிக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கடமை, தோற்றவர் தோல்வியைச் சொல்வது. எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களைப் பற்றி 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அவர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பத்தில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்ற எச்சரிக்கையைத் தரகு நிறுவனங்கள் 2023 ஜூலை முதல் திரையில் காட்டியாக வேண்டும். பார்ப்பவர் அதை மூடிவிட்டு உள்ளே போகிறார். அவருக்குத் தெரிந்தவர்களில் இழந்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்பதால் அந்த எண்ணை அவர் நம்புவதில்லை. ஒரு லட்சம் லாபம் வந்தால் அதன் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஐந்து லட்சம் போனால் மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை. இழந்தவரின் மௌனம் அவருடைய சொந்த விஷயம்போலத் தோன்றினாலும், அடுத்து வருபவர் அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் துணிகிறார்.

எந்தப் பங்கு, என்ன விலை, யார் சொல்லி வாங்கியது, எந்தச் செய்தி வந்தபோது விற்றிருக்கலாம், எதை நினைத்து விற்காமல் இருந்தார், அந்தப் பணம் எதற்காக வைத்திருந்தது: இவ்வளவையும் ஒருவர் மறைக்காமல் சொன்னால், கேட்பவருக்கு அது எந்த டார்கெட்டையும்விடப் பயன்படும். பணத்தை இழந்து நொந்திருப்பவரிடம் இதை முதலில் எதிர்பார்ப்பது கொடுமை. பரிந்துரைத்தவரே தன் இழப்பை இதே கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லித் தொடங்கட்டும். அவர் சொல்வதைக் கேட்க ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவரை நம்பி இழந்தவர்களும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.