குவேறோஸ் பாதிரியாரின் நாலாயிரம் பேர்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் 1626ஆம் ஆண்டைத் தொடாமல் போவதில்லை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான். மேடைகளிலும் பள்ளிவாசல் மலர்களிலும் தேர்தல் பேச்சுக்களிலும் நாம் அலுக்காமல் சொல்லிவரும் செய்தி இது. (அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது தனி விவகாரம்.) ஆனால், இந்த நாலாயிரம் என்ற கணக்கு நமக்கு எங்கிருந்து கிடைத்தது? நம்மவர் குறித்து வைத்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோவாவில் இருந்த பெர்னாவோ டி குவேறோஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதி வைத்தது. அவர் நம்மை நேசித்தவரல்லர். அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1930இல் கொழும்பில் வெளிவரச் செய்தவரும் இன்னொரு இயேசு சபைப் பாதிரியார்தான்: எஸ். ஜீ. பெரேரா. நமது இருப்புக்கு நாம் காட்டும் முதற் சாட்சியம் இரண்டு பாதிரிமாரின் கைவழியே வந்திருக்கிறது.

என் தங்கச்சியின் மகளுக்குத் தென்னிந்தியாவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் சமூகவியலும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் பெரிய யோசனை. தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "காக்கா, புள்ள அங்க போய் ஈமான உட்டுட்டு வந்தா என்ன செய்யிற?" கணிதமோ கணினியோ படிக்கப் போவதென்றால் இந்தக் கேள்வி எழுந்திராது. வரலாறு என்பதால்தான், சமூகவியல் என்பதால்தான் எழுகிறது. அந்த வகையில் தங்கச்சி விடயத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறாள்.

இந்த அச்சம் நேற்று முளைத்ததல்ல. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன்னே இறந்துபோனார். அவர் தொடங்கி வைத்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வாவிக் கரையோரத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மிஷன் பள்ளிகளில் ஏறிப் போனார்கள். நாம் ஒதுங்கி நின்றோம். மிஷனரிமார் மதம் மாற்றும் நோக்கத்தை மறைத்ததில்லை, ஆகவே அந்த ஒதுக்கத்தை அறியாமை என்று கேலி செய்ய நான் தயாரில்லை. சித்திலெப்பை அந்த அச்சத்தை மதித்தார்; ஆனால் அதிலேயே குடியிருக்கச் சொல்லவில்லை. நமக்கென்று பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். 1892இல் மருதானையில் தொடங்கிய பள்ளி பின்னர் சாஹிராக் கல்லூரியானது. அதே சாஹிராவுக்குப் பிற்காலத்தில் அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணத்தில் இந்துப் பள்ளிகளில் படித்து, பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்றவர்.

நானும் எண்பதுகளில் தமிழ்நாட்டில் கத்தோலிக்கர் நடத்திய ஒரு கல்லூரியில்தான் இதே பாடங்களைப் படித்தேன். என்னோடு இருந்தவன் பெரியகல்லாற்றைச் சேர்ந்த மெதடிஸ்தன். மருதமுனையிலிருந்து வடக்கே போனால் பெரியநீலாவணையைத் தாண்டியதும் அவனுடைய ஊர். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஊரில் அயலவராக இருந்தும் நாங்கள் பழகியது அங்கு போய்த்தான். கத்தோலிக்கக் கல்லூரியில் அவனும் பாதி அந்நியன்தான்.

சமூகவியல் எடுத்தவர் ஒரு பாதிரியார். துர்க்கைமின் சமய ஆய்வை விளக்கும்போது, மனிதர் கடவுள் என்று வணங்குவது உண்மையில் தமது சமூகத்தையே என்ற அந்த வாதத்தை அவர் ஒளிக்காமல் வைத்தார். அன்று காலை திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டு வந்த மனிதர். வகுப்பில் யாரோ, "ஃபாதர், இதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டபோது, "இந்தக் கேள்வியோடுதான் நானும் தினமும் எழும்புகிறேன்" என்றார். சமயமற்ற ஒரு பேராசிரியருக்கு இந்தப் பாடத்தில் இழப்பதற்கு எதுவுமில்லை. இந்தப் பாதிரியாருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. சமயத்தைச் சமூகத்தின் விளைவாகப் பார்க்கும் ஓர் அறிவை, சமயத்தை விடாமலே எப்படிக் கையாள்வது என்பதை, அந்தச் சங்கடத்துக்குள் வாழ்கிறவரிடம் கற்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமைகளில் அவர் வகுப்பைப் பத்து நிமிடம் முந்தி முடிப்பார். ஜும்ஆவுக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்னு கல்தூனின் முகத்திமாவை எனக்கு அறிமுகம் செய்ததும் அந்த வகுப்புத்தான். 1377இல் எழுதப்பட்ட, சமூக அறிவியலுக்கு முன்னோடியென உலகம் கொண்டாடும் நூல், ஊரில் நான் கேள்விப்படாத பெயர்.

பலஸ்தீனரான இஸ்மாயில் ராஜி அல் ஃபாரூக்கி, யாஃபாவில் கத்தோலிக்கப் பள்ளியிலும், மிஷனரிமார் நிறுவிய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். பின்னர் கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இறையியலையே ஆராய்ந்து, 1967இல் கிறிஸ்தவ ஒழுக்கவியல் பற்றி நூல் வெளியிட்டார். ஈமானை இழந்தா வந்தார்? அறிவையே இஸ்லாமியமயமாக்க வேண்டும் என்ற இடத்துக்கு அல்லவா வந்தார். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. குவேறோஸின் நாலாயிரம் பேர் இஸ்லாமிய அறிவா, கிறிஸ்தவ அறிவா? நம்மை வெறுத்த ஒருவரின் கூற்று உண்மையாக இருக்கக்கூடும். நம்மவரின் கூற்றும் சோதிக்கப்பட வேண்டும். வரலாற்று மாணவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். இந்துக்களைப் பற்றி எழுதிய அல்பிரூனி, அவர்களோடு வாதிடுவதற்காக அல்ல, அவர்கள் சொல்வதை உள்ளபடி எடுத்துரைப்பதற்காகவே எழுதுவதாக ஆயிரம் ஆண்டுக்கு முன் சொன்னார். நம்மவர் வகுத்த வழிதான்.

அந்த வழியில் நடப்பது சுலபமல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றது நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் பிடித்துச் சென்ற 158 தமிழர் திரும்பி வரவேயில்லை. அந்தத் திகதி பெரியகல்லாற்று நண்பனுக்கு மனப்பாடம். ஒரே வாவியின் கரையில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. இரண்டையும் ஒருசேரப் படித்த ஒருவர் நமது பக்கத்தில் எத்தனை பேர், அவர்களது பக்கத்தில் எத்தனை பேர்?

மருமகளிடம் நான் பேசியது துர்க்கைமைப் பற்றியல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஐந்து நாட்களுக்குப் பின் சாய்ந்தமருதில், நம் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேலும் குழந்தைகள் செத்தார்கள். "அவர்கள் முஸ்லிம்களே அல்லர்" என்று நாம் சொன்னோம். மார்க்கத் தீர்ப்பாக அது சரியாக இருக்கலாம். சமூகவியல் அதோடு நிற்க முடியாது. எந்தத் தெருவில், எந்த வகுப்பறையில், யாருடைய மௌனத்தில் அது வளர்ந்தது என்று அது கேட்கும்.

அந்த வாரம் பெரியகல்லாற்று நண்பனுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்று மட்டும் விசாரித்தான். அந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்ணியமானவர்கள் இருப்பார்கள், அவர்களும் கேட்க மாட்டார்கள். மருமகளிடம் சொன்னேன்: "அவங்க கேக்கல்ல எண்டு நீ இருந்திராத. முதல் வருசக் கட்டுரைக்கு அதையே தலைப்பா எடு." அவள் உடனே, "அப்ப சாய்ந்தமருதுல ஆரை மாமா முதல்ல சந்திக்கோணும்?" என்று கேட்டாள். இரண்டு பேரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.