மங்கி ஒலிக்கும் தந்தி



குழலும் யாழும் சுரங்களைத் தெளிவாகப் பிரித்து ஒலிக்காவிட்டால் அவை எதை இசைக்கின்றன என்று யாருக்கு விளங்கும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் கேட்கிறார். உயிரற்ற கருவியைக் காட்டி, உயிருள்ள நமக்கு அவர் புகட்டும் பாடத்தை இவ்வாரம் சிந்திப்போம்.

இறைவழிபாட்டுக்குப் பொருந்துமாயின் பிற இசைக்கருவிகளையும் ஆலயத்தில் அனுமதிக்கலாம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. அதன் பின்னர் கிற்றார் நம் பாடகர் குழாங்களுக்குப் பழக்கமானது. அதற்குத் தம்பி போன்றது யுகுலேலே. நான்கே தந்திகள் கொண்டது, சிறு பிள்ளையின் கைக்கும் அடங்குவது. 1879இல் மதெயிராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹவாய்த் தீவுகளுக்கு வந்த ஏழைப் போர்த்துக்கேயர் கொண்டு சென்ற சிறு வாத்தியத்திலிருந்தே இது பிறந்தது. தோட்டத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளான நம்மில் பலருக்கு இக்கருவி ஒருவகையில் உறவுதான்!

இதை வாசிக்கும்போது சில வேளைகளில் ஒரு சுரம் மட்டும் மங்கி, அடைத்த குரல்போல் ஒலிக்கும். பழகாதவர் உடனே தந்தியை ஓங்கி அடிப்பார். இரைச்சல் கூடுமேயன்றி இனிமை கூடாது. இன்னொருவரோ, “மரமே சரியில்லை” என்று கருவியைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார். விஷயம் அறிந்தவரோ அடிப்பதுமில்லை, எறிவதுமில்லை. குறை எங்கே என்று தேடுகிறார்.

முதலில் விரல் வைக்காமல் வெறுந்தந்தியை மீட்டிப் பார்க்கிறார். அது தெளிவாக ஒலித்து, விரல் வைக்கும்போது மட்டும் மங்கினால், குறை பெரும்பாலும் விரலில்தான். விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னே, அதை ஒட்டியே அழுத்த வேண்டும். தூரத்தில் வைத்தால் தந்தி மெட்டில் உறுதியாகப் படியாது. மெட்டின் மேலேயே வைத்தால் விரலின் சதை ஒலியை அமுக்கிவிடும். பக்கத்துத் தந்தியை அழுத்தும் விரல் சாய்ந்து இதில் உரசினாலும் ஒலி செத்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே தந்தி மங்கினால், அந்த நைலோன் தந்தி தேய்ந்து களைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டும். நான்கு தந்திகளுமே மங்கினால் கருவியின் உடலைப் பார்க்க வேண்டும். நம் கண்டி மலைநாட்டு மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். உள்ளே ஒட்டிய தாங்குசட்டம் கழன்றிருக்கவும் கூடும்.

அன்பானவர்களே, நம் வீட்டில் மங்கி ஒலிப்பவர் யார்? கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் தரும் மகனா? செபமாலை நேரத்தில் உதடு அசையாத மகளா? திண்ணையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் வயோதிபத் தந்தையா? “இவன் மந்தம், இவனால் பயனில்லை” என்று தீர்ப்பிட எவ்வளவு விரைகிறோம்! குரலை உயர்த்துகிறோம், கையையும் ஓங்குகிறோம். தந்தியை ஓங்கி அடிப்பதும் இதுவும் ஒன்றல்லவா?

பள்ளித் தோழரோடு கலகலப்பாகப் பேசும் பிள்ளை நம் முன்னே மட்டும் ஊமையாகிறது என்றால், வெறுந்தந்தி நன்றாகவே இருக்கிறது. நம் விரலைத்தான் சோதிக்க வேண்டும். தூரத்திலிருந்து கட்டளை மட்டும் இடும் தகப்பனின் விரல் மெட்டை எட்டவில்லை. மூச்சுவிட இடமின்றி எந்நேரமும் கண்காணிக்கும் தாயின் விரல் மெட்டின் மேலேயே ஏறிவிட்டது. “உன் அண்ணனைப் பார்” என்ற ஓயாத ஒப்பீடு, பக்கத்துத் தந்தியிலிருந்து உரசும் விரல்.

விடியுமுன் எழுந்து சமைத்து, நாள் முழுவதும் கொழுந்து பறித்து, இரவில் பாத்திரம் கழுவும் தாய் செபத்தில் தூங்கி விழுந்தால் அது பக்திக் குறைவல்ல. தந்தி களைத்துவிட்டது, அவளுக்கு ஓய்வும் உதவியும் தேவை. குடியை விட்டுத் திரும்பியவர் மீண்டும் தடுமாறினால் நம்பிக்கை இழக்காதீர்கள். புதிய நைலோன் தந்தியும் சில நாட்கள் இளகிக்கொண்டேதான் இருக்கும்; திரும்பத் திரும்பச் சுருதி சேர்ப்பார்களேயன்றி அறுத்தெறிய மாட்டார்கள். வீடு முழுவதுமே மங்கிப்போயிருந்தால் தனியே போராட வேண்டாம். பங்குத் தந்தையை நாடுங்கள். தீராத மனச்சோர்வுக்கு மருத்துவரையும் நாடுங்கள். அதில் வெட்கமில்லை.

யுகுலேலே பிறந்த அதே ஹவாய்த் தீவுகளில், தொழுநோயாளர் ஒதுக்கப்பட்ட மொலோக்காய்த் தீவுக்கு 1873இல் சென்றார் புனித தமியான் அடிகளார். உலகம் மூலையில் எறிந்துவிட்ட அம்மக்களைக் கொண்டே பாடகர் குழாமும் இசைக்குழுவும் அமைத்தார். தாமும் அந்நோயுற்று 1889இல் உயிர்விட்டார். நமது கண்டியிலும் 1697இல் அம்மைநோய் பரவியபோது, சொந்த வீட்டாரே கைவிட்டு ஓடிய நோயாளரைத் தேடிச் சென்று பணிவிடை செய்தார் புனித யோசேவாஸ் அடிகளார். நெரிந்த நாணலையும் ஒடித்தெறியாத நம் ஆண்டவரிடம் இருவரும் கற்ற பாடம் இதுவே.

ஆகவே இவ்வாரம் ஒரு நாள், குடும்ப செபம் முடிந்ததும், உங்கள் வீட்டில் மங்கி ஒலிப்பவர் அருகே சென்று அமருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். குறை கேட்கவும் வேண்டாம். அவர் பேசும்வரை பொறுமையோடு காத்திருந்து செவிகொடுங்கள். இறைவன் தம் கையால் செய்த கருவிகளில் இசையற்றது ஒன்றுமில்லை. அதைக் கேட்கும் செவியை அவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.