நேரத்துக்கு ஒரு தராசு

தென்காசிக்காரரா நீங்கள்? அல்லது சீஸனுக்குக் குற்றாலம் போகிறவரா? ஒரு நாள் சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்குக் காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், சாரல் மேகம் விலகியிருந்தால். சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாக 21 நிமிடம் லேட்!

தப்பு சூரியன் மேல் இல்லை. நம் கடிகாரம், மிர்ஸாபூர் பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு முடுக்கப்பட்டது. 1906-ல் இந்திய நேரம் வந்தது. அதற்கு முன் ஊருக்கொரு நேரம். ரயிலுக்கு மெட்ராஸ் நேரம். செங்கோட்டை மலையைக் குடைந்து 1904-ல் கொல்லத்துக்கு ரயில் விட்டாயிற்று. ஊருக்கொரு பன்னிரண்டு மணி இருந்தால் டைம்டேபிள் எப்படிப் போடுவது? தென்காசி தன் சூரியனை விட்டுக்கொடுத்தது.

இன்று அந்த நேரத்தைக் காப்பவை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். ஒரு வினாடி என்பது சீஸியம் அணு சொல்லும் 919 கோடிச் சொச்சம் அதிர்வுகள். இப்போது அதற்கும் அண்ணன் வந்துவிட்டது: ஒளிக் கடிகாரம். ஸ்ட்ரான்ஷியம் அணுவை வைத்து வினாடிக்கு சுமார் 429 லட்சம் கோடி ஒளி அதிர்வுகளை எண்ணுகிறது. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி வருடம் ஓடினாலும் ஒரு வினாடி பிசகாது.

உயரே போனால் காலம் கொஞ்சம் வேகமாக ஓடும் என்றார் ஐன்ஸ்டீன். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கே அது மாறுவதை 2022-ல் அமெரிக்காவில் அளந்து காட்டிவிட்டார்கள். பேரருவியில் குளிப்பவரின் தலைக்கும் காலுக்கும்கூட வேறு வேறு நேரம்!

அப்படியானால் சரியான நேரம் எது? நாலு பேர் கூடி ஒப்புக்கொண்டதுதான். நான் படித்தது பி.காம். எனக்கு இது தராசு விவகாரமாகத்தான் தெரிகிறது. எல்லோரும் இந்திய நேரத்தையே பின்பற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் வரைவு விதிகள் வெளியிட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? எடையளவுச் சட்டம்!

கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பத்து மணிக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டுக்குக் கூப்பிடுகிறவரிடம் மட்டும் கைகட்டி நிற்கிறோம். காத்திருப்பது எப்போதும் கீழே இருப்பவர்தான், கவனித்தீர்களா? கலெக்டரை யாரும் காக்க வைப்பதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பீடி சுற்றும் பெண், ஒரு சான்றிதழுக்காக அரை நாள் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போச்சு. எடுத்தது யார் என்று எந்தக் கணக்கிலும் வராது.

அவசர கேஸ் வந்தால் டாக்டர் என்ன செய்வார் என்பீர்கள். நியாயம்தான். 'இன்னும் ஒரு மணி நேரமாகும்' என்று வெளியே சொல்லியனுப்பலாமே? காத்திருப்பவருக்கும் வேலை இருக்கும் என்று நினைப்பதற்கு ஒளிக் கடிகாரம் தேவையில்லை.

அதிகாரியை விடுங்கள். ஒன்றாம் தேதி தருவதாகச் சொன்ன சம்பளத்துக்காக, உங்கள் வீட்டு வேலைக்கார அம்மா எத்தனையாம் தேதி வரை காத்திருக்கிறார்?