மணி இல்லாத கூண்டு

குன்றத்தூர்க்காரர்களுக்குச் சேக்கிழார் சொந்த ஊர்க்காரர். அவர் பாடிய பெரிய புராணத்தில் ஒரு பசு திருவாரூர் அரண்மனை வாசலுக்கு நடந்து வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்ட கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. மறைநூல் சொன்ன கழுவாயைச் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர்கள் வழிகாட்டுகிறார்கள். இளவரசனின் தந்தையான மன்னன் மனுநீதிச் சோழன் ஒப்பவில்லை. கன்றை இழந்து கதறும் தாய்க்கு அந்தச் சடங்கு மருந்தாகுமா என்று கேட்கிறான். பசுவின் துயரத்துக்குச் சேக்கிழார் போடும் சொல் ‘நோய்’.

துன்பப்படும் விலங்குக்கு எது மருந்து என்ற அந்தக் கேள்வி 2021இல் குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே மறுபடி எழுந்தது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மே மாதக் கடைசியில் சில சிங்கங்கள் இருமின, தீனி எடுக்கவில்லை. ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. முந்தைய நாள்தான் அதற்கு மூக்கில் நீர் வடிந்திருந்தது. போபால் ஆய்வகத்துக்கு அனுப்பிய பதினொரு சிங்கங்களின் மாதிரிகளில் ஒன்பதில் கொரோனா உறுதியானது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போனது. மனிதரிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைதான் என்று மரபணுச் சோதனை காட்டியது. அடைபட்ட சிங்கம் ஊர் சுற்றி நோய் வாங்க வழியில்லை.

சிங்கங்களைத் தனிமைப்படுத்தினார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் வந்தார்கள். பராமரிப்பாளர்கள் முழுக்கவச உடை அணிந்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் சிங்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால்? வழக்கமாக வரும் முகம் மறைந்துபோனது. பழகிய வாசனைக்குப் பதில் கிருமிநாசினி நெடி. ஏன் என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது.

வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு வரும் துன்பங்களில் பசியைத் தலையாயதாக வைக்கிறார். பிணியும் பயமும் அந்த வரிசையில் உண்டு. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிணியை நிறுத்த விலங்கைத் தனியே பூட்டுகிறோம், பூட்டியதும் பயம் பிறக்கிறது. ஒரு துன்பத்தைத் துடைக்க இன்னொன்றைத் தருவது கருணையா? கொரோனா வார்டில் படுத்திருந்த மனிதருக்குப் ‘பதினாலு நாள்’ என்ற கணக்காவது கையில் இருந்தது. விலங்குக்கு நாள் கணக்கு கிடையாது.

இதைவிடச் சுலபமான வழியை உலகம் பார்த்திருக்கிறது. 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். நோயே இல்லாதவையும் அதில் ஏராளம். அதன் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான், தனியே வைத்துப் பிழைக்கவைப்பது எவ்வளவு பாடுபட்டுச் செய்யும் வேலை என்று தெரிகிறது.

அந்தப் பாடு எப்படிப்பட்டது? பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக உடம்பு நீர் வற்றிப்போகும். சலைன் ஏற்றினால்தான் உயிர் நிற்கும். அதன் மலத்தில் வெளியேறும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. ஸ்பிரிட்டுக்கு அது சாகாது, தரையையும் கிண்ணத்தையும் துடைக்க நீர்த்த பிளீச் வேண்டும். ஆகவே அந்தக் குட்டிக்குத் தனிக் கிண்ணம், தனித் துணி, தனித் தெர்மாமீட்டர். வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர்த் தட்டு. மற்ற விலங்குகளை எல்லாம் பார்த்து முடித்த பிறகே அதனிடம் போக வேண்டும். முடிந்தால் ஒரே ஆள் அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நின்று பார்க்க வேண்டும். ஒரே ஆள் என்பது தொற்று வெளியே போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதே ஏற்பாடுதான் அடைபட்ட உயிருக்குத் தினமும் தெரிந்த ஒரு குரலைத் தருகிறது. பிணிக்குச் செய்ததே பயத்துக்கும் மருந்தாகிறது. வள்ளலாரின் வரிசையில் மோதிக்கொண்ட இரண்டும் இந்த ஓர் ஆளிடத்தில் சமாதானமாகின்றன.

தமிழில் ‘ஒதுக்கி வைத்தல்’ என்பது காயம் பட்ட சொல். சாதியால் கோயிலுக்கு வெளியே ஒதுக்கப்பட்ட திருநாளைப்போவாரைச் சேக்கிழாரே பாடியிருக்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் திருநாளைப்போவார். அவர் கொடுத்த தோலின் ஓசை உள்ளே கேட்டது. அவர் வெளியே நின்றார். ஒதுக்கியவர்கள் யாரும் அவர் சேரிக்குப் போய் நலம் கேட்கவில்லை. நோய்க்காகத் தனிமைப்படுத்துவதற்கும் அந்தக் கொடுமைக்கும் வேறுபாடு இந்த இடத்தில்தான் துலங்குகிறது. நோயறையில் கதவைச் சாத்தியவரே மறுபடி மறுபடி அதைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார், தன் உடம்பையும் பணயம் வைத்து. அப்படி ஒருவர் போகாத கூண்டு வெறும் சிறை.

தொற்றுநோய் கண்ட கால்நடையை உரிமையாளர் தனியே பிரித்து வைக்க வேண்டும், தகவல் தர வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். பேச்சுத்துணையாக இரு என்று எந்தச் சட்டமும் சொல்லாது. சட்டம் நிற்கும் இடத்திலிருந்து அறம் நடக்க வேண்டியிருக்கிறது. ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று உச்சுக்கொட்டுவது அமைச்சர்கள் சொன்ன கழுவாய் மாதிரி. சோழன் அதைத்தான் மறுத்தான்.

திருவாரூர்ப் பசுவுக்கு மணி இருந்தது. தனியறையில் கிடக்கும் விலங்குக்கு அது கிடையாது. குன்றத்தூர், ஒரகடம் பக்கத்தில் மாடும் நாயும் வளர்ப்பவர்கள் தடுப்பூசித் தேதியைத் தவறவிட வேண்டாம். தனியே கட்ட வேண்டிய நாள் வந்தால், பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரே ஆளை ஒதுக்குங்கள். அவர் கைகால் கழுவிக்கொண்டு போகட்டும். போனதும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.