தனு கரண புவன போகங்களும் நகரவாழ்வும்

உயிர்கட்கு உடம்பு, கருவி, உலகு, நுகர்ச்சி என்னும் நான்கினையும் இறைவன் படைத்தளித்தனன் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இவை தனு கரண புவன போகம் எனப்படும். இந்நான்கும் மாயையின் காரியங்கள். தோன்றி நின்று ஒடுங்குவன. ஆகலின், வீடுபேறு விழைவார் இவற்றின்கட் பற்றுவைத்தல் தகாது என்பதும் நம் நூற்றுணிபே. இவ்விரண்டும் நம்மனோர் நன்கறிந்தனவே. ஆயின் இவற்றினின்றும் எழும் ஐயப்பாடு ஒன்று அண்மையில் நம்மை வந்து பற்றிற்று. அதனை ஈண்டு ஆராய்வாம்.

மதுரைமாநகரின் கீழ்பால் உள்ள வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில், வைகறையில் நடந்துவருதல் சில ஆண்டுகளாக நமக்கு வழக்கமாயிற்று. நீரிழிவு நோய்பற்றி மருத்துவர் விதித்த விதி அது. ஒருநாள், நம்பாற் சாத்திரம் பாடங்கேட்கும் இளைஞர் ஒருவர் உடன்வந்தவர், "ஐயா, உடம்பு மாயாகாரியம் என்று பாடஞ் சொல்கின்றீர்கள், அவ்வுடம்பின் பொருட்டே நாடோறும் நடக்கின்றீர்கள். நகரத்தார் பலர் மரம் நடுதல், குளங் காத்தல், நெகிழிப்பை ஒழித்தல் என்று முயல்கின்றனர். இவையெல்லாம் பசுபுண்ணியமா, சிவபுண்ணியமா? பசுபுண்ணியமே எனின், சிவநெறி நிற்பார்க்கு இவற்றால் ஆவதென்னை?" என வினவினர். அன்று விடை கூறாது வீடு திரும்பினேம். கூறாமைக்குக் காரணம் நூலறிவின் குறை மட்டுமன்று. அது பின்னர் விளங்கும்.

பயன் கருதி, யான் எனது என்னுஞ் செருக்கோடு செய்யப்படும் நற்செயல் பசுபுண்ணியம். அதன் பயன் நுகர்ந்த அளவில் ஒழியும். மீண்டும் பிறவிக்கே வித்தாம். சிவனை நோக்கிச் செய்யப்படுவது சிவபுண்ணியம். அது மலபரிபாகத்திற்குத் துணையாய் ஞானத்திற் செலுத்தும். இவ்வேறுபாடு பெரும்பான்மையும் செய்வானது கருத்துப்பற்றியதன்றிச் செயலின் உருப்பற்றியதன்று. விளக்கேற்றலும் பூக்கொய்தலும் உலகியலிலும் உண்டு, திருக்கோயிலிலும் உண்டு. ஆகலின், குளந்தோண்டல் எப்புண்ணியம் என்று வினவுதலினும், யார் எக்கருத்தாற் றோண்டினார் என்று வினவுதலே முறையாம்.

இனி, உடம்பும் உலகும் சடம் என்பது கொண்டு அவற்றைப் புறக்கணித்தல் அமையுமோ எனின், அமையாது. என்னை? கேவலநிலையில் ஆணவவிருளில் அழுந்திக் கிடந்த உயிர், மாயேயமாகிய உடம்பினைப் பெற்ற பின்னரே சிறிது அறிதற்குரியதாயிற்று. இதுபற்றியன்றோ மாயையைப் புலருங்காறும் உதவும் விளக்கோடு உவமித்தல் நம் ஆசிரியன்மார் மரபாயிற்று. கதிரவன் எழுந்தபின் விளக்கு வேண்டப்படாது என்பது மெய்யே. அதுபற்றி நள்ளிரவிலே எண்ணெயைக் கீழே கொட்டுவானை அறிவுடையன் என்பார் யார்? நோயுற்ற உடம்பு பூசைக்கு உதவாது, பாடஞ்சொல்லவும் உதவாது. ஆகவே உடம்பு பேணல் விளக்கினைத் தூண்டுதலோடு ஒக்கும்.

இவ்வுவமையை இன்னுஞ் சிறிது நீட்டிக் காண்பாம். தனு அவ்வவ்வுயிர்க்கே உரியது, புவனமோ பொதுவானது. பலர் கூடியிருந்து ஏடு பயிலும் மடத்தின் கூடத்தே ஒரு விளக்கு எரிகின்றது. அதன் எண்ணெயை ஒருவன் தன் தலைக்குத் தேய்த்துக்கொள்வானாயின், இருளில் அழுந்துவோன் அவனொருவனல்லன். அதுபோல, ஆற்றினையும் ஊருணியினையும் காற்றினையுங் கெடுப்பான், எண்ணிறந்த உயிர்கள் தம் வினைநுகர்ந்து பக்குவமெய்துதற்கு இறைவன் வகுத்த இடத்தினைக் கெடுப்பவனாகின்றான். அவ்வுயிர்களுள் மக்கள் மட்டுமன்றிப் புள்ளும் விலங்கும் அடங்கும். திருவாலவாயில் நாரை முத்திபெற்றமையைத் திருவிளையாடற் புராணங் கூறும். அந்நாரை தானிருந்த குளம் வற்றியமையாலன்றோ இடம்பெயர்ந்தது! இன்று மதுரையைச் சூழ்ந்த குளங்கள் வற்றினால் நாரைகள் எங்கே செல்லும்?

அன்றியும், நிலம் நீர் தீ வளி வெளி ஞாயிறு திங்கள் உயிர் என்னும் எட்டும் இறைவன் திருமேனி எனப்படும். இவ்வட்டமூர்த்தத்தைப் பாடஞ்சொல்லிவிட்டு, நிருமாலியத்தை நெகிழிப்பையோடு ஆற்றில் எறிந்துவருதல் நம்மனோர் பலர்பாற் காணப்படுகின்றது. நாவினாற் போற்றிய திருமேனியைக் கையினால் இகழ்தலாய் இது முடியும்.

அற்றேல், குளந்தோண்டுதல் முதலியன சிவபுண்ணியமாதற்குச் சான்று உண்டோ எனின், உண்டு. தண்டியடிகணாயனார் வரலாற்றினைக் காண்க. திருவாரூர்த் திருக்குளத்தின் ஒருபுடை பிறர் குடியிருப்புக்களாற் சுருங்கி இடங்குறைந்ததனைக் கேட்டு, கண்ணில்லாத அவ்வடியார் கோல்நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவி நடந்து, தாமே மண்ணைக் கல்லினர். மண் கல்லினால் சிற்றுயிர்கள் மாளும் என்று தடுத்தாரையும் அவர் பொருட்படுத்திலர். செயலை நோக்கின் அது கூலியாளன் செயல். கருத்தை நோக்கின் சிவத்தொண்டு. நீர்நிலையின் எல்லை சுருங்குதல் இக்காலத்தே தோன்றிய கேடன்று என்பதும், அதனை மீட்டல் நாயன்மார் நெறி என்பதும் இதனாற் பெற்றாம். அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்ததும் இவ்வினத்ததே. திருநாவுக்கரசர் திருப்பெயர் அதன்மேல் நின்றமையால் அது வெற்றறமாய் ஒழிந்திலது.

மதுரையார்க்கு இதனினும் அணிய சான்று ஒன்று உளது. வையையிற் பெருவெள்ளம் வந்தபோது, கரையினை அளந்து குடிகட்குப் பங்கிட்டனன் பாண்டியன். வந்தியென்னும் மூதாட்டி ஆளின்றி வருந்த, பிட்டினையே கூலியாகக் கொண்டு இறைவன் மண்சுமந்தனன். இவ்விழா ஆவணிமூலத்திற் புட்டுத்தோப்பில் இன்றும் நிகழ்கின்றது. ஆண்டுச் சென்று வழிபடுவார் மூன்று கருதல்வேண்டும். ஆற்றங்கரை ஊரார் அனைவர்க்கும் உரிய கடனாய் வகுக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. அக்கடனை ஆற்றுதற்கு மண்சுமத்தலை இறைவனே இழிவென்று எண்ணிலன் என்பது இரண்டு. ஒரு பங்கு அடைபடாமையால் விழுந்த பிரம்படி அரசன் முதலாக எல்லாவுயிர் மேலும் பட்டது என்பது மூன்று.

அவ்வடி இன்றும் படுகின்றது. வருசநாட்டு மலையிற் றோன்றி ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் வையை, நகரெல்லையில் நீரோடு காணப்படும் நாள் சில. கழிவுநீரோடு காணப்படும் நாள் பல. ஒரு கண்மாய் நிரம்பி வழிந்த நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லுமாறு முன்னோர் அமைத்த தொடர் பலவிடத்தும் அறுந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் பெருமழை பெய்தபோது, செல்லூர் முதலிய இடங்களில் தெருவிலும் மனையிலும் வெள்ளம் புகுந்தது. நீர்செல்லும் வழியினை அடைத்தார் ஒரு சிலர். இரவெல்லாம் உறங்காது நின்றார் பலர்.

நன்று நிகழ்ந்தனவும் உள. திருமலைநாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த இத்தெப்பக்குளம் பல ஆண்டு வறண்டு, தைப்பூசத் தெப்பம் நீரின்றி நிலைத்தெப்பமாயே நிகழ்ந்தது. சில ஆண்டுகட்கு முன்னர்ப் பனையூர்க் கால்வாய் செப்பஞ்செய்யப்பட, வையைநீர் மீண்டும் புகுந்தது. மேலூரை யடுத்த அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத்தலமாக 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பெற்றது. ஏறத்தாழ 193 எக்டேர் பரப்புள்ள அவ்விடத்தே சுமார் 250 வகைப் பறவைகள் வாழ்வன. பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும், அதன்கண் இலகுலீசர் திருவுருவமும் ஆண்டு உள. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024-இல் ஏலம் விடப்பட்டபோது, ஊர்மக்கள் திரண்டு மதுரைக்கு நடந்துவந்து முறையிட்டனர். 2025 ஜனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. அவ்வுழவர் சாத்திரம் பயின்றவரல்லர். ஆயினும், சாத்திரம் பயின்ற நாம் அந்நாளில் எங்கிருந்தேம் என்னும் வினா நம்மைச் சுடுகின்றது.

இனி, அன்று விடைகூறாமைக்குக் காரணம் கூறுவாம். நம் இல்லத்தின் பின்கட்டில் ஒரு கிணறும் அதனருகே ஒரு வில்வமும் நின்றன. நம் தந்தையார் அக்கிணற்று நீரால் திருமஞ்சனமும் அம்மரத்து இலையால் அருச்சனையும் செய்தார். 30 ஆண்டுகட்கு முன், வாடகைக்கு விடுதற்பொருட்டு இரண்டு அறை கட்டக் கருதி, மரத்தை வெட்டிக் கிணற்றினைத் தூர்த்தேம். எஞ்சிய முற்றத்தைச் சிமென்டாற் பூசினேம். 2003-ஆம் ஆண்டு மழைநீர் சேமிப்பினை அரசு கட்டாயமாக்கியபோது, ஒரு குழாயினை மண்ணிற் புதைத்துக் கணக்குக் காட்டினேம்; அதனடியிற் குழி இல்லை. இன்று லாரித்தண்ணீரால் திருமஞ்சனம். கடையில் வாங்கிய வில்வத்தால் அருச்சனை. நாடோறும் அட்டமூர்த்தம் பாடஞ்சொல்கின்றேம். இந்நிலையில் இளைஞர்க்கு யாது விடை கூறுதும்? வந்தியின் பங்கினை அடையாது விட்ட கூலியாள் இறைவன். அஃது அவன் விளையாட்டு. நம் பங்கினை நாம் அடையாது விட்டது விளையாட்டன்று.

ஆகவே துணிபு இது. உடலோம்பலும் மரம் நீர் காத்தலும், நீடுவாழ்தல் ஒன்றே கருதியும் புகழ் கருதியும் செய்யப்படின் பசுபுண்ணியமாய் ஒழியும். ஒரு கன்று நட்டுப் பலர் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் நீர்வாராது விடுதல் அப்புண்ணியமும் ஆகாது. இறைவன் உயிர்கள்மாட்டு வைத்த கருணையால் அளித்த பொதுப்பொருளைக் காத்து அவன்பால் மீள ஒப்படைத்தல் என்னுங் கருத்தோடு செய்யப்படின், அது சரியைத்தொண்டேயாம். நந்தனவனம் அமைத்தலைச் சரியையில் வைத்த நம் மரபிற்கு இது புதிதன்று. திருமடங்களும் திருக்கூட்டங்களும் தத்தம் நந்தனவனத்தையும் திருக்குளத்தையும் முதற்கண் பேணுக; உழவாரப்படை மதிலின் உள்ளே நில்லாது நீர்வரும் கால்வாய் வரையிற் செல்க; பூசைப்பொருள் நெகிழிப்பையில் வாராது குடலையிலும் துணிப்பையிலும் வருக.

இங்ஙனம் துணிந்தபின், முற்றத்துச் சிமென்டில் ஒருபாகத்தை உடைத்து, அக்குழாயினடியில் ஆளுயரக் குழி யெடுப்பித்து, அருகே ஒரு வில்வக்கன்று நட்டேம். மண்சுமந்தவர் அவ்விளைஞரே, நாமும் இயன்ற அளவு சுமந்தேம். அதன் நிழலில் இருந்து பாடஞ்சொல்ல நம் அகவை இடந்தாராது. யாரேனும் ஒருவர் அதனிலை கொண்டு சொக்கலிங்கப்பெருமானை அருச்சிப்பரேல் அது சாலும்.

திருச்சிற்றம்பலம்.