வட்டி ஏறினாலும் நிற்குமா உன் வீடு?

1995 ஒக்டோபர் 30 இரவு போரில் வலிகாமமே வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் சிதைந்த சுவர்களின் மேல் மறுபடி ஓடு போட்டார்கள். அவர்களின் பிள்ளை நீ! மானிப்பாயில் அப்பா விட்டுப்போன இரண்டு பரப்பு வளவில் வாடகைக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டு, மூன்று வருடமாக "பார்ப்பம்" என்கிறாய். எதைப் பார்க்கிறாய், தம்பி?

கடன் எடுத்தால் மூழ்கிவிடுவேன் என்கிறாய். மூழ்கலாம், உண்மைதான். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டிக்குக் கையெழுத்து வைத்தவர்கள் பட்ட பாட்டை ஊர் பார்த்தது. அந்த அடியை இப்போதே தாளில் வாங்கிப் பார். 50 லட்சம் கடன், 12 வீத வட்டி என்று வை: ஆண்டுக்கு 6 லட்சம். வாடகை மாதம் 40,000 என்று வை. இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு மாதக் காசைக் கிணற்று மோட்டரும் சுவர்ப் பூச்சும் தின்னும். ஒன்பது மாதத்துக்குக் கையில் வருவது 3,60,000. வட்டிக்கே காணாது! இந்தக் கடனைத் தொடாதே. 20 லட்சம் என்றால் வட்டி 2,40,000. மிச்சம் முதலைக் கழிக்கும். வட்டி 24 வீதமானாலும் துண்டு விழுவது மாதம் 10,000, அதோடு முதலும். அதை உன் சம்பளம் தாங்குமா? தாங்குமென்றால் அத்திவாரம் வெட்டு! காசு போதாவிட்டால் வீட்டைச் சின்னதாக்கு, கடனைப் பெரிதாக்காதே.

ஒற்றிக்கு விடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வழிதான்: மொத்தக் காசு கைக்கு வரும், வங்கி வட்டி இல்லை. ஆனால் தவணை முடியும் நாளில் அந்த மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை வாடகையும் இல்லை. ஒற்றிக் காசில் கலியாணச் செலவு செய்தவர் வீட்டை மீட்கத் திண்டாடுவார். அந்தக் காசைச் சீமெந்திலும் கல்லிலும் மட்டும் போடு.

குடிவந்தவர் பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்கே போய்விடும் என்று நடுங்குகிறாயா? 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் சொல்லும் அந்தப் பத்து வருடம், உரிமையாளரை ஒப்புக்கொள்ளாமல் இருப்பவருக்குத்தான். எழுத்தில் ஒப்பந்தம் வை; வாடகைக்கு மாதாமாதம் பற்றுச்சீட்டு கொடு. பயம் எழுத்துக்கு முன்னால் நிற்காது!

உண்மையில் நீ அஞ்ச வேண்டிய இடம் வேறு. இது முதுசக் காணி. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணனுக்கும் பங்கு உண்டு. பங்கு பிரித்து உறுதி முடிக்காமல் அதில் ஒரு கல்லும் வைக்காதே. மூன்று வருடமாக நீ தள்ளிப்போட்டது கடனையல்ல, அண்ணனோடு பேச வேண்டிய அந்தப் பேச்சை. இன்று இரவு எட்டு மணிக்கு எடு. அங்கே காலை, அண்ணன் எழும்பியிருப்பார்.